வாலில் கட்டிய விளக்கு

நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருக்கும்போது அவர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. நின்றால் திரும்பாமலே, "தள்ளு தள்ளு, வண்டி வருது" என்பார். வண்டி என்பது செடியின் செல்லுக்குள் சரக்கோடு நகரும் நுண்ணிய சவ்வுப் பை. எந்தப் பை எந்தச் சவ்வில் போய் நிற்க வேண்டும் என்று சொல்ல ஒரு புரதம் உண்டு. அதன் பின்னால்தான் இத்தனை வருடமாக அலைகிறார். பெயர் சொல்ல மாட்டார், "அவன்" என்பார். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் டிராஃபிக் அக்கா.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் காரை நிறுத்தும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார அவரால் முடியாது. "நீ பேசாம உன் செடிக்குள்ளயே இருந்திருக்கலாம்" என்று அந்த மனிதர் நொந்துகொள்வார்.

அந்தப் புரதம், அவருடைய "அவன்", வேலைவெட்டி இல்லாதவன் என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. ஊரே அவனைப் பெரிய அதிகாரி என்று நம்பிக்கொண்டிருந்தது. அவன் போகுமிடம் தெரிய, பச்சையாக ஒளிவிடும் புரதம் ஒன்றை விளக்கு போல அவனோடு கோத்து நாற்று வளர்த்தார். எந்த வேர் நுனியைப் பார்த்தாலும், சவ்வை அண்டாமல் பச்சைப் புகையாகச் சுற்றிக்கொண்டிருந்தான். கட்டுரை எழுதியாயிற்று. அது வெளிவந்தால்தான் அடுத்த வருடமும் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மேசையும் வேலையும். இன்று அனுப்பியாக வேண்டும்.

காலையில், கட்டுரையின் கடைசிப் படத்துக்காக அவனைத் தலை முதல் வால் வரை வரைந்துகொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது. சவ்வைப் பிடிக்கும் கொக்கி தலையில் இருப்பதாக நம்பி, விளக்கை வாலில் கட்டியிருந்தார். கொக்கி வாலில்தான் இருந்தது. விளக்கு அதை மறைத்ததால்தான் அவனால் சவ்வைப் பிடிக்க முடியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னார்.

"அக்கா, இதை யாரு கவனிக்கப் போறா? அனுப்பிவிடுங்க."

"அவன் கையைக் கட்டிப் போட்டது நான். சும்மா திரியுறான்னு ஊரெல்லாம் சொல்றதும் நானா?"

"அப்ப மேசை?"

கட்டுரையை அனுப்பாமலே அவர் கணினியை மூடினார். அலமாரியிலிருந்த நாற்றுத் தட்டுகளை எடுத்துவந்து, ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து கழிவுப் பைக்குள் கவிழ்த்தார். கடைசித் தட்டில் ஒரு நாற்று விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் மெல்லச் சுரண்டி உள்ளே தள்ளிவிட்டு, பையின் வாயை முறுக்கிக் கட்டினார்.