கம்ப்யூட்டர் மேல் இறங்கிய பெட்டி

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் லொறி ஓட்டவில்லை. அதற்கு முன்னால் ஹேவாஹெட்ட பக்கத்திலிருந்து கண்டி மார்க்கெட்டுக்கு மரக்கறி ஏற்றி வருவார். எந்த வளைவில் எந்தக் கியர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். அந்தக் கலவரத்தில் முதலாளியின் லொறியை இவர் கண் முன்னாலேயே கொளுத்தினார்கள். அவரை ஒரு சிங்கள வீட்டார் கோழிக்கூட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்துக் காப்பாற்றி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர் கொஞ்ச காலம் வாயே திறக்கவில்லை. அப்புறம் பேசினார், சிரித்தார், கண்டியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மூட்டை இறக்கவும் போனார். ஸ்டியரிங்கை மட்டும் தொடவில்லை. யாராவது கேட்டால், "லைசன் எரிஞ்சி போச்சு" என்பார். லைசன் எங்கள் அலுமாரியில் பத்திரமாக இருந்தது.

அவர் மறுபடி வண்டி ஓட்டியது டீவிக்குள்ளேதான். கண்டியில் குண்டு வெடித்து, அடிக்கடி வீட்டோடு அடைந்து கிடந்த காலம். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளுக்கென்று பேவ்மென்ட் கடையில் ஒரு டீவி கேம் பெட்டி வாங்கி வந்தோம். சாம்பல் நிறப் பெட்டி, மேலே கேசட் செருகும் வாய், வயரோடு இரண்டு ஜாய்ஸ்டிக்; ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, இடது பெருவிரலால் ஒரு சிலுவைப் பட்டனை அமுக்கித் திருப்ப வேண்டும். அதில் பாட்டோடு ஓடுகிற ஒரு கார் கேம் இருந்தது. மலை ரோடு, வளைவுக்கு மேல் வளைவு, ஒரு பக்கம் பள்ளம். மகள் விளையாடியது கொஞ்சம்தான். இவர் சிமெந்துத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வளைவு வரும்போது உடம்பையும் சேர்த்து வளைத்து ஓட்டுவார்.

"மூட்டை தூக்கச் சொன்னா வளையாத முதுகு, இங்க மட்டும் நல்லா வளையுது" என்பேன்.

"பேசாம பின்னால ஏறிக்க புள்ள, கண்டியில எறக்கி விடுறேன்" என்பார்.

நானும் ஓட்டினேன். நான் படித்தது தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை. வண்டி ஓட்ட அது போதும். நான் ஓட்டினால் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜன்னலில் நின்று பார்ப்பார்கள். அப்படி ஓட்டுவேன்.

ஒரு மழை நாளில் இடி விழுந்து அந்தப் பெட்டி செத்தது. பிறகு கண்டியில் வந்த புதுப் பெட்டிகளில் அந்த மலை ரோடு இல்லை. அவரும் விட்டுவிட்டார்.

சண்டை மறுபடி மூண்டு, ரோட்டுக்கு ரோடு செக் பொயின்ட் போட்டிருந்த வருஷங்களில்தான் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதில் ஒரு குறைவும் இல்லை. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. கைதான் திரும்பவில்லை. விரலெல்லாம் உள்ளே மடங்கி, பெருவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மடக்குறது வந்துடும் அம்மா. வெளிய விரிக்கிறதுதான் கஷ்டம். அத அவரே செய்யணும், நீங்க புடிச்சி விரிச்சா பத்தாது. வர்ற ரெண்டு மூனு மாசத்துல செய்யாட்டி கை அப்படியே இறுகிடும்."

கைக்குள் வைத்து அமுக்க ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் இவர் அதை ஜன்னல் வழியாக எறிந்தார். பக்கத்து வீட்டு நாய்க்கு நல்ல வேலையாகப் போனது.

"நான் என்னா தொட்டில் புள்ளையா, பந்து உருட்ட?"

"கை இறுகிப் போனா என்னா செய்வீங்க?"

"சோத்துக்கை நல்லாத்தானே இருக்கு. போதும்."

போதும் என்று அவர் சொன்ன குரல்தான் எனக்குப் பயம். கலவரத்துக்குப் பிறகு லொறியைப் பற்றிச் சொன்ன அதே குரல்.

மகள் அப்போது கண்டியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அங்கே கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது, "அப்பா, அந்தப் பழைய கார் கேமைக் கொண்டு வந்தா ஓட்டுவீங்களா?" என்று கேட்டாள். சோற்றைப் பிசைகிற அவர் கை நின்றது. நான் பார்த்தேன்.

"பெட்டி செத்துப் போச்சேடி" என்றேன்.

"பெட்டி வேணாம்மா. எமுலேட்டர்னு ஒன்னு இருக்கு. அதப் போட்டா கம்ப்யூட்டர் தன்ன மறந்துட்டு அந்தப் பெட்டி மாதிரியே நடந்துக்கும். கேசட்டுல இருந்த கேம், பழைய பெட்டிக்குள்ளதான் இருக்கோம்னு நெனச்சிக்கிட்டு ஓடும்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், நேற்று வரை கொழுந்து எடுத்த பெண் மேல் சாமி இறங்கும். உடம்பு அவளுடையது, பேசுவது அவள் இல்லை. செத்துப்போன பெட்டி இந்தக் கம்ப்யூட்டர் மேல் இறங்கப் போகிறதா?

"அது ஒன்னுதான் இருக்கா?"

"நெறைய இருக்கும்மா. ஒவ்வொன்னும் ஒவ்வொரு ஆள் செஞ்சது. சிலது நல்லா நடிக்கும், சிலது சும்மா. பாத்துத்தான் எடுக்கணும்."

அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். சாமி வந்து ஆடினால் எங்கள் பெரியவர்கள் உடனே கும்பிட மாட்டார்கள். வந்திருக்கிறது யாரு, எந்தக் கோயில், அடையாளம் சொல்லு என்று கேட்பார்கள். சும்மா ஆடுகிறவர்கள் உண்டு. வேறு எதுவோ வந்து ஆடுவதும் உண்டு. சரியான பதில் வந்த பிறகுதான் கற்பூரம்.

"அப்ப ஒவ்வொன்னாக் கேட்டுப் பாப்போம்" என்றேன்.

கம்ப்யூட்டரில் பொருத்துகிற ஜாய்ஸ்டிக் ஒன்று வேண்டியிருந்தது. செக் பொயின்ட்டில் தமிழ்ப் பிள்ளை வயர் சாமானோடு வந்து நிற்க வேண்டாம் என்று நானே கண்டிக்குப் போய் வாங்கினேன். திரும்பி வரும்போது பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரன் என் பைக்குள் கையை விட்டு வயரைப் பிடித்து இழுத்தான். சுற்றி நின்றவர்கள் விலகினார்கள்.

"மே மொனவத?" இது என்ன என்றான்.

"கேம் எக்க, மஹத்தயா." விளையாட்டுச் சாமான் ஐயா என்றேன்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் பிடித்தான். பிடித்ததும் அவனுடைய பெருவிரல்கள் தாமாகவே அசைந்தன. டீவியும் இல்லை, ஒன்றும் இல்லை, நடுரோட்டில் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு எதையோ ஓட்டினான்.

"கார் எக்கத?" கார் விளையாட்டா என்றான்.

"ஓவ், கார் எக்க." ஆமாம் என்றேன்.

சிரித்துக்கொண்டே வயரைச் சுற்றி என் கையில் கொடுத்தான். பஸ் புறப்பட்ட பிறகும் எனக்கு அந்த விரல்களின் நினைப்புப் போகவில்லை. ஆளுக்குத் தெரியும் முன்னால் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் எமுலேட்டரை மகள் போட்டாள். படம் வந்தது. அதே மலை, அதே சிவப்புக் கார். ஆனால் பாட்டு தொடங்கியதும் முகம் சுளித்தேன். அதே மெட்டு, சுடுபானையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவள் பாடுவது மாதிரி கீச்சுக் குரலில் ஓடியது. காரும் அப்படித்தான். ஜாய்ஸ்டிக் நழுவாமல் இருக்க அவர் இடது கையை அதோடு சேர்த்துத் துணியால் தளர்வாகச் சுற்றியிருந்தேன். முதல் வளைவிலேயே பள்ளத்தில் விழுந்தார்.

"யாரு இவன், பேய் துரத்துற மாதிரி போறான்? இது நம்ம ரோடு இல்ல" என்றார்.

மகள் என்னவோ தேடிப் படித்துவிட்டுச் சொன்னாள். அந்தக் கேம் ஜப்பானில் செய்ததாம்; ஜப்பான் டீவி வேகம் வேறு, நம் நாட்டு டீவி வேகம் வேறாம். நாங்கள் வாங்கிய பெட்டி நம் டீவிக்காகக் கொஞ்சம் மெதுவாக ஓடினதாம். இந்த எமுலேட்டருக்கு ஜப்பான் வேகம் மட்டும்தான் தெரியுமாம். நாங்கள் இத்தனை வருஷம் கேட்டது மெதுவாக்கின பாட்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இருக்கட்டும். எங்களுக்கு அதுதான் பாட்டு.

இரண்டாவது எமுலேட்டரில் வேகத்தை மாற்ற முடிந்தது. பாட்டு சரியாக வந்தது. படமோ பழையதைவிட அழகு. முன்பெல்லாம் கட்டம் கட்டமாக இருந்த மலை, பிரஷ் வைத்து வரைந்த மாதிரி வழுவழுவென்று நின்றது. அதோடு அதில் ஒரு வித்தை. கார் விழுந்ததும் மகள் ஒரு பட்டனை அமுக்கினாள். பள்ளத்தில் கிடந்த கார் எழும்பி, பின்பக்கமாகவே ரோட்டுக்கு ஏறி, வளைவுக்கு முன்னால் போய் நின்றது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நடந்ததை நடக்காததாக ஆக்குகிற பட்டன்!

"எத்தன தரம் வேணும்னாலும் பின்னால எடுக்கலாம்பா. பயப்படாம ஓட்டுங்க."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறியது.

"வேணாம். விழுந்தா விழுந்ததுதான். அப்படி எடுக்க முடியும்னா நான் எத எடுத்திருக்கணும்?"

அந்தப் பட்டனை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

சில நாள் அதிலேயே ஓட்டினார். வலது பக்க வளைவுகளில் தப்பினார், அதற்கு இடது பெருவிரல் உள்ளே அமுக்கினால் போதும். இடது வளைவுக்கு விரல் வெளியே போக வேண்டும். ஒவ்வொரு இடது வளைவிலும் பள்ளம்தான். ஒரு நாள் ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுவிட்டார்.

"என்னாங்க?"

"ஸ்டியரிங்ல ப்ளே இருக்கு. அமுக்கினா ஒடன திரும்ப மாட்டேங்குது. விரல் பிந்துதா, வண்டி பிந்துதான்னு எனக்கே வெளங்கல. இத வச்சிக்கிட்டு நான் எத நம்புறது?"

நான் எடுத்து ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஒரு கண் சிமிட்டல்தான், ஆனாலும் பிந்தியது. மகளும் பார்த்தாள். "படத்த வழவழப்பாக்கி அனுப்புறதுக்கு அதுக்கு நேரம் எடுக்குதுபோல. அழகு பாத்து எடுத்துட்டேன்" என்று வேறொன்றைத் தேடத் தொடங்கினாள்.

அவர் எழுந்து படுக்கப் போய்விட்டார். மறுநாளும் தொடவில்லை. அதற்கு அடுத்த நாளும். ஆஸ்பத்திரி மிஸ் சொன்ன மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. காலையில் எண்ணெய் தேய்க்கும்போது அவருடைய விரல்கள் முன்னைவிடக் கெட்டியாக இருப்பது என் கைக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் தேய்த்தேன்.

மூன்றாவது எமுலேட்டர் பார்க்க அவலட்சணம். சின்னப் படம், கட்டம் கட்டமான மலை, வித்தை ஒன்றும் கிடையாது. மகள் வேகத்தைச் சரி செய்தாள். நான் முதலில் கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டேன். பிறகு திறந்து பார்த்தேன். ரோட்டில் நாலைந்து கார் சேர்ந்து வந்ததும் படம் மினுக்மினுக்கென்று வெட்டி, வண்டியெல்லாம் கொஞ்சம் தயங்கிப் போனது. பழைய பெட்டியும் இதே இடத்தில் இப்படித்தான் மூச்சு வாங்கும். அதன் சீக்கைக்கூடக் கொண்டு வந்திருக்கிறது! எந்த ஊரிலோ இருக்கிற எவனோ ஒருத்தன், செத்த பெட்டியின் தயக்கத்தைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறான். எனக்குக் கண் கலங்கியது.

"அடையாளம் சொல்லிருச்சு" என்றேன். "வந்திருக்கிறது அதுதான்."

படுத்திருந்தவர் குரல் கொடுத்தார். "கற்பூரத்தக் கொளுத்தப் போறா, கம்ப்யூட்டர் எரிஞ்சிரப் போவுது, புடி அவள."

வந்தார். உட்கார்ந்தார். வலது வளைவு ஒன்றைத் திருப்பினார். மறுபடி ஒன்று. வாய்க்குள்ளேயே, "ப்ளே இல்ல" என்றார். அடுத்தது இடது வளைவு. பள்ளத்தில் விழுந்தார்.

"இப்ப விழுந்தது நான்தான்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் பள்ளத்தில் விழுந்து நான் பார்த்ததில்லை. "வண்டி மேல குத்தம் இல்ல. மறுபடி போடு."

அன்றிலிருந்து தினமும் விழுந்தார். காலையில் விழுந்தார், சாப்பிட்டுவிட்டு விழுந்தார். பக்கத்து வீட்டு ரேடியோவில் வடக்கில் நடக்கிற சண்டைச் செய்தி ஓடும், இவர் இங்கே ஒரு இடது வளைவோடு சண்டை போடுவார். விரலைத் திட்டுவார், கெஞ்சுவார், கிளீனர் பையனை ஏசுவது மாதிரி ஏசுவார். அந்த ஏச்சை எழுத முடியாது.

ஒரு போயா நாள், பௌர்ணமி லீவு. மகள் வீட்டில் இருந்தாள். நான் அவர் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாட்டை வைத்தே எனக்கு இடம் தெரியும், இடது வளைவு வரப் போகிறது. அந்த நேரம் நான் திரையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். உள்ளங்கையோடு ஒட்டிக் கிடந்த பெருவிரல் நடுங்கியது. நகம் வெளுத்தது. பிறகு, யாரும் பிடித்து விரிக்காமல், அது தானாக வெளியே போனது. ஒரு நெல்மணி அளவு இருக்கும். போய் அந்தச் சிலுவைப் பட்டனின் இடது பக்கத்தில் அமுங்கியது. அமுங்கினது அப்படியே நின்றது.

என் மடியிலிருந்த கீரை கீழே கொட்டியது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவர் உடம்பு முழுவதும் இடது பக்கம் சாய்ந்திருந்தது. கண்ணைத் திரையை விட்டு எடுக்கவில்லை. பாட்டு அறுபடாமல் ஓடியது, கார் பள்ளத்தில் விழவில்லை.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"எப்படிப்பட்ட வளைவு!"

"ஆமாங்க" என்றேன். என்னால் அந்த விரலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. "எப்படிப்பட்ட வளைவு!"