பத்மா அக்கா எழுதிய கல்

துளசியின் அழைப்பு வந்தபோது, நான் வேலை செய்யும் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மழைச்சட்டை போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். பல வருடமாக என் கைத்தொலைபேசியில் ஒளிராத பெயர். எடுப்பதா விடுவதா என்று யோசித்துவிட்டு எடுத்தேன்.

"அன்ரி, அம்மா போயிட்டா. நேற்றுப் பின்னேரம். இருதயம் நிண்டிட்டுதாம்."

"ஐயோ பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அழுகை வரவில்லை. ஒரு சின்னவன் என் கையைப் பிடித்து, தன் சட்டையின் பொத்தானைப் போடச் சொல்லி இழுத்தான். போட்டுவிட்டேன். அந்த நாள் முழுவதும் எனக்கு வந்தது கோபம்தான். சொல்லவேண்டியதைச் சொல்லாமலே போய்விட்டாரே என்ற கோபம்.

பத்மலோஜினி என்ற முழுப் பெயரை நம்மில் பலர் மரண அறிவித்தலில்தான் முதன்முதலில் வாசித்திருப்போம். எல்லோருக்கும் அவர் பத்மா அக்கா. ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதி வரிசை வீடுகளில் எங்கள் வீடும் அவருடைய வீடும் ஒட்டியிருந்தன. இரண்டு முற்றங்களுக்கும் நடுவில் வேலி இல்லை. இருந்த குட்டிச் செடிவேலியையும் வந்த முதல் வருடமே பிடுங்கி எறிந்தவர் அவர். "உப்பு வாங்க வாறதுக்கு ரோட்டாலை சுத்தி வரோணுமோ?" என்று கேட்டார்.

இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. பாதை திறந்து ஊருக்குப் போய்வந்த ஒருவர், என் தம்பி உயிரோடு இல்லை என்ற செய்தியைக் கொண்டுவந்தார். எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. பத்மா அக்கா அன்று என்னைத் தன் மடியில் கிடத்தி வைத்திருந்தார். வயோதிபர் இல்லச் சமையலறையில் வேலை முடித்து வந்த உடுப்போடு, அதில் மீன் வாசம் போகாமல், விடியும்வரை இருந்தார். இதை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன்.

அந்த இலையுதிர்காலம் நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஒக்டோபர் கடைசியில் ஒருநாள் மாலை, பத்மா அக்கா கடையிலிருந்து பெரிய செம்மஞ்சள் பூசணிக்காய்களை வண்டிலில் தள்ளிக்கொண்டு வந்தார். ஹலோவீன் அப்போதுதான் ஒஸ்லோவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டு வருவார்கள் என்று, பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்த அவர் மகள் துளசி கேட்டு வந்திருந்தாள்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம் அக்கா."

"விசர்க் கதை கதையாதை. பேய் எங்களைத் தேடி வாறதுக்கு முதல் நாங்கள் அதைக் கூப்பிட்டு முத்தத்திலை இருத்திப்போட வேணும். கத்தியை எடுத்துக்கொண்டு வா."

போனேன். குளிரில் விரல் விறைக்க, பூசணிக்காயைக் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டினோம். தன்னுடைய பழைய வெள்ளைச் சீலையை இரண்டாகக் கிழித்து மரத்தில் தொங்கவிட்டார். காற்றில் அது ஆடியபோது அவரே பயந்து கத்தினார். அன்று நான் சிரித்தேன். செய்தி வந்த பிறகு சிரித்த முதல் நாள் அது.

எதிர்வீட்டு நோர்வேஜிய மூதாட்டி வந்து, இது அமெரிக்கக் குப்பை, எங்கள் ஊருக்கு எதற்கு என்று முகம் சுளித்தார். பத்மா அக்கா வாதாடவில்லை. குடைந்தெடுத்த பூசணிக்காயில் பால்கறி வைத்து, சோற்றோடு கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் அந்த அம்மா தன் வீட்டு லாந்தரை எங்கள் படியில் வைத்துவிட்டுப் போனார். "வெளியாலை நிண்டு பாத்தால் கோவம்தான் வரும். சாப்பிட்டால் போயிடும்" என்பது அக்காவின் கணக்கு. மனிதரை வெல்லும் அந்தத் திறமையை நீங்கள் எல்லோரும் அனுபவித்திருப்பீர்கள்.

அடுத்த வருடம் முற்றம் இன்னும் பெரிதாக வேண்டும் என்றார். புதுத் தொலைக்காட்சி வந்த பெட்டியிலிருந்து வெள்ளை நுரைப்பலகையை எடுத்துக் கல்லறைக் கற்கள் மாதிரி வெட்டினார். துளசி சாம்பல் நிறம் பூசினாள். இரண்டு கற்களில் நோர்வேஜிய மொழியில் ஏதோ பகிடி எழுதினார். மூன்றாவதில் தமிழில் எழுதினார்: "இங்கே துயில்கிறது எங்கள் வெயில்."

எனக்குத் திக்கென்றது. போரில் இறந்த பிள்ளைகளின் கல்லறைகளைத் 'துயிலும் இல்லம்' என்றுதான் எங்கள் சனம் சொல்லும். "அக்கா, அந்தச் சொல் வேண்டாம். ஆரும் மனம் நோகுவினம்" என்றேன்.

"வெயில் செத்ததுக்கு ஆரடி கோவிக்கப்போகினம்?" என்று சிரித்தார். அவருடைய பக்கம் பூசணிக்காய்களால் நிறைந்திருந்தது. அதனால் கற்களை என் பக்க முற்றத்தில் அவரே நட்டார்.

அந்தக் கிழமை பக்கத்து நகரமான திராமனிலிருந்து சறோ அக்கா துளசியைப் பார்க்க வந்தார். தன் இளைய மகனுக்குத் துளசியைப் பேசி, அநேகமாக முடிவாகியிருந்த நேரம். அவருடைய மூத்த மகன் போரில் இறந்தவன். பஸ்ஸால் இறங்கி நடந்து வந்தவர் என் முற்றத்தின் முன்னால் நின்றதை யன்னல் வழியாகப் பார்த்தேன். குனிந்து வாசித்தார். பிறகு நேரே பத்மா அக்காவின் வீட்டுக்குள் போனார்.

விருந்தினருக்கென்று நான் வடை சுட்டு வைத்திருந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு பின்கதவால் உள்ளே போனேன். குசினியில் நிற்கும்போதே பத்மா அக்காவின் குரல் கேட்டது.

"அது பக்கத்து வீட்டு மாலினியின்ரை வேலை. நான் வேண்டாம் எண்டு சொன்னனான் சறோ அக்கா. ஆரும் மனம் நோகுவினம் எண்டு சொன்னனான். அவ கேக்கேல்லை."

நான் சொன்ன வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை.

தட்டோடு வாசலில் நின்றேன். சறோ அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

"உமக்கு வீட்டிலை ஆரும் சாகேல்லையோ?" என்று கேட்டார்.

நான் பத்மா அக்காவைப் பார்த்தேன். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். என் தம்பியின் பெயரைச் சொன்னால்கூடப் போதும். அவர் தட்டைப் பார்த்தார். "வை மாலினி, அங்கை மேசையிலை வை" என்றார்.

வைத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் அந்தக் கல்லைப் பிடுங்கி உடைத்தேன். நுரைப்பலகை உடைந்தால் சத்தமே வராது.

கதை ஒஸ்லோ முழுக்கப் போனது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தடியில் தாய்மார் என்னைக் கண்டால் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார்கள். நவம்பரில் எங்கள் சனம் இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நிகழ்வுக்கு, என் தம்பிக்காக நானும் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பிள்ளையை மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டார். விளக்கேற்றாமல் திரும்பி வந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் வீட்டில்தான் ஏற்றுகிறேன்.

ஒருமுறை சறோ அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொன்னேன். "பத்மா பொய் சொல்லமாட்டா" என்று வைத்துவிட்டார். பத்மா அக்காவிடமும் நேரே கேட்டேன். முற்றத்தில் சவளால் பனி தள்ளிக்கொண்டிருந்தவர் அதை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியும் மாலினி. அண்டைக்குச் சம்பந்தம் குழம்பிப்போயிடும் எண்டு பயந்திட்டன். துளசியின்ரை கலியாணம் முடியட்டும். நானே போய்ச் சொல்லுறன். என்ரை பிள்ளையாணை."

நான் நம்பினேன். துளசி என் வயிற்றில் பிறந்தவள் மாதிரி என் வீட்டில் வளர்ந்த பிள்ளை. அவளுடைய வாழ்க்கைக்காகக் கொஞ்சக் காலம் வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

கலியாண அழைப்பிதழ் தபாலில் வந்தது. ஒரே சுவரைப் பங்குபோடும் வீட்டுக்குத் தபால்! நான் போகவில்லை. கலியாணம் முடிந்தது. அக்கா சொல்லவில்லை. பேரப்பிள்ளை பிறந்தது. சொல்லவில்லை. பிறகு மகளோடு இருக்கவென்று வீட்டை விற்றுவிட்டுத் திராமனுக்குப் போய்விட்டார்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஒஸ்லோ மத்திய நிலையத்தில். திராமன் ரயிலுக்குக் காத்திருந்தார். முழங்கால் நோவைப் பற்றிக் கதைத்தார். பேரனின் பல்லைப் பற்றிக் கதைத்தார். நான் காத்துக்கொண்டே நின்றேன். ரயில் வந்ததும் என் கன்னத்தைத் தொட்டு, "மெலிஞ்சுபோனாய்" என்று சொல்லிவிட்டு ஏறினார். இருக்கையில் அமர்ந்து கையசைத்தார். நானும் அசைத்தேன். ஏன் அசைத்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

செத்தவீட்டுக்குப் போகவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போனேன். வெள்ளைச் சீலையில் பெட்டிக்குள் அவர் சின்னப் பிள்ளைபோல இருந்தார். நான் பூப்போட்டுவிட்டு வெளியே வந்தபோது துளசி பின்னால் ஓடிவந்தாள்.

"அன்ரி, கல்லுக்குப் பெயின்ற் அடிச்சது நான். எழுதினது அம்மா. எனக்கு எல்லாம் தெரியும். நானும் பயத்திலை வாய் திறக்கேல்லை. நேற்று சறோ மாமிக்குச் சொல்லிப்போட்டன்."

"அவ என்ன சொன்னவ?"

"எழும்பி அறைக்குள்ளை போயிட்டா."

எனக்கு இன்னொன்றையும் கேட்கவேண்டியிருந்தது. "அம்மா கடைசிக் காலத்திலை என்னைப்பற்றி ஏதும் சொன்னவவோ?"

துளசி என் முகத்தைப் பார்த்தாள். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"இல்லை அன்ரி."

பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவின்ரை முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்கள் எழுதுங்கோ. நடந்ததையே எழுதுங்கோ. நானும் இவரும் ஒரு சொல்லும் மாத்தாமல் போடுவம்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். இந்த மலர் உங்கள் கையில் இருந்தால், அவளும் அவளுடைய கணவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் என்று அர்த்தம்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. மகளுக்காகப் பயந்த தாய் என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. பயம் தீர்ந்த பிறகு வந்த அத்தனை வருட மௌனம்தான் விளங்கவில்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான் என்று நினைக்கும்போது நெஞ்சு எரிகிறது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு குரல். என்னைக் கூப்பிடும்போது என் பெயரை நடுவில் முறித்து, "மாலீ... னி" என்று பாட்டுப்போல நீட்டுவார். அப்படி என்னை வேறு யாரும் கூப்பிட்டதில்லை. இப்போதும் சில மாலைகளில், வெளியே யாரோ ஒரு தாய் தன் பிள்ளையை நீட்டிக் கூப்பிடும்போது, கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறக்கிறேன். திறந்த பிறகுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வருகிறது.