பால் கேட்ட விருந்தாளி

அப்பா வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் பொருத்த ஸ்பானிஷ் மட்டுமே பேசும் ஸ்பெயின் நாட்டுக்காரர் ஒருவர் வந்திருந்தார். பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிட அழைத்துவிட்டார் அப்பா. அம்மாவுக்குத் தூக்கமே போயிற்று. தன் கோயில் இட்லி அவருக்குப் பிடிக்குமா, பிடித்தாலும் அது நமக்கு எப்படித் தெரியும் என்பதுதான் கவலை.

அதற்காக அப்பா எங்களுக்கு மூன்று ஸ்பானிஷ் சொற்களைப் பாடமாக்கினார். எக்ஸெலெந்தே, எஸ்துபெந்தோ, மக்னீஃபிகோ. எல்லாவற்றுக்கும் பிரமாதம் என்றுதான் பொருள். "இதுல ஒன்னு அவரு வாயில வந்தா இட்லி பாஸ்மா" என்றார். அந்த ஒலிகளை வாய்க்குள் உருட்டும்போதே எனக்கு மெய்சிலிர்த்தது.

விருந்தாளி நிலைவாசலில் குனிந்து நுழைந்தார். அவ்வளவு உயரமான மனிதரை நான் பார்த்ததில்லை. மிளகும் சுக்கும் மணக்கும் இட்லியில் ஒரு விள்ளலை வாயில் போட்டதும் கண்ணை மூடினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"லா லெச்சே!" என்று கத்தினார்.

எங்கள் பாடத்தில் அது இல்லை. அப்பாவின் முகம் சுண்டிப்போனது. நான் கைப்பேசியில் தேடினேன்.

"லெச்சேன்னா பாலாம்ப்பா!"

அம்மா பெரிய டம்ளர் நிறையப் பால் கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஒரே மூச்சில் குடித்துவிட்டார். அடுத்த இட்லிக்கும் "லா லெச்சே!" அடுத்த டம்ளர் வந்தது.

"இன்னும் கேக்கறாரு பாரு, ஓடு" என்று அம்மா என்னைப் பக்கத்து வீட்டுக்குப் பால் வாங்க விரட்டினாள். கடைசியாக "லா..." என்று தொடங்கியவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் டம்ளர் இலையருகே வந்துவிட்டது. அதையும் குடித்தார்.

இட்லியோடு இத்தனை பால் குடிக்கும் மனிதரை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அதிசயத்தைத் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தேன். அம்மா மட்டும், மிளகு கூடிப்போய்த்தான் பால் கேட்டிருப்பார் என்று வெகுநாள் வருந்திக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் ஸ்பானிஷ் படித்தபோது ஆசிரியையிடம் கேட்டேன். அந்தச் சொல்லுக்குப் பால் என்பதுதான் பொருள். ஆனால் அவர்கள் ஊரில் ஒன்றின் அருமையில் சொக்கிப்போனாலும் அதையே சொல்வார்களாம். எங்கள் மூன்று சொற்களும் அதன் பக்கத்தில் நிற்காது என்றார்.

அன்று மாலையே அம்மாவை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் மெல்லக் கேட்டாள்.

"அப்ப அவரு பாலே கேக்கலியா? நம்ம மனசு நோவக் கூடாதுன்னா அத்தினியும் குடிச்சாரு?"