மேடு ஏறாத லாரி

காஹாங் என்கிற ஊரில், சாலையோரமாக என் பட்டறை இருக்கிறது. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அவற்றில் ஒன்று அத்தானுடையது, என் அக்கா வீட்டுக்காரருடையது. அந்த லாரி மேடு ஏற மறுத்ததிலிருந்து எனக்கு ஆயுத பூஜை என்றாலே எரிச்சல்.

பூஜை முடிந்த மறுவாரம் அத்தான் லாரியோடு வந்து நின்றார்.

"காலியா போனா நல்லாத்தான் ஓடுது மச்சான். குலை ஏத்துனா மேட்டுல நத்தை மாதிரி ஊருது. கறுப்பா புகை வேற."

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சின்ன விசிறி. அந்த அழுத்தம் குறைந்தால் டீசல் சரியாக எரியாது, வண்டி பாரம் இழுக்காது, புகை கறுக்கும். காற்று எங்கேயோ குறைகிறது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

வெட்டிய குலை கெடுவதற்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். லாரி தாமதித்தால் தோட்டத்தில் வேறு லாரியைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்படி ஆகிவிட்டால் அத்தான் சிங்கப்பூருக்குப் போய் யாருடைய லாரியையோ ஓட்ட வேண்டியதுதான். பிள்ளை குட்டி இல்லாத வீடு அது. அக்காவுக்கு அவரை விட்டால் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது.

"அவர அங்க அனுப்பிட்டு நான் மட்டும் சுவத்தோட பேசவா? எப்படியாவது சரி பண்ணிக் கொடு லா" என்றாள் அக்கா.

முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்தேன். பூஜைக்காகப் போட்ட புது ஃபில்டர், வெள்ளை வெளேரென்று இருந்தது. ஃபில்டர் சுத்தமாக இருந்தால் காற்று உள்ளே வரும் பக்கம் சரியாக இருக்கிறது என்றுதான் எவனும் நினைப்பான். அதனால் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். ரப்பர் குழாய்களில் சோப்பு நுரையைத் தடவி, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்த்தேன். ஓரிடத்தில் வந்தது. ஆஹா என்று கிளிப்பை மாற்றினேன். அத்தான் சிரித்த முகத்தோடு போய், மறுநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அந்தக் காற்றைக் குளிரவைக்கிற இண்டர்கூலரைக் கழற்றிக் கழுவினேன். குழாயையே மாற்றினேன். எதற்கும் அது மசியவில்லை. அத்தானும் வேறு வழியில்லாமல், அந்த லாரியிலேயே முக்கி முனகிக் குலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் லாரியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். நடு மேட்டில் நீலப் புகை கக்கிவிட்டு நின்றுவிட்டதாம். டர்போவை இறக்கினேன். ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வருகிற குழாயின் வளைவில், எண்ணெயில் ஊறி, ஒரு மஞ்சள் துணி அடைத்துக்கொண்டிருந்தது. அக்காவின் பழைய சேலைக் கிழிசல். அதன் நூல்கள் விசிறியில் சுற்றி இதழ்கள் வளைந்திருந்தன. டர்போவின் சீல் விட்டுப்போய், எண்ணெய் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்து, பிஸ்டனும் போய்விட்டது.

பூஜையன்று நானும் அங்கேதான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். அத்தான் பழைய ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு மாலை வாங்கப் போனார். லாரியைக் கழுவ வந்த அக்கா, திறந்திருந்த குழாய்க்குள் தண்ணீர் போய்விடக் கூடாதே என்று துணியை அடைத்திருக்கிறாள். அத்தான் திரும்பி வந்தபோது, "ராகு காலம் வந்திடும், சீக்கிரம்" என்று எல்லாரும் பறந்தோம். குனிந்து பார்க்க யாருக்கு நேரம்? அவர் புது ஃபில்டரை மாட்டினார். அக்கா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பழம் நசுங்க லாரி நகர்ந்ததும் நாங்கள் கைதட்டினோம்.

அத்தான் அந்தத் துணியை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்காகிட்ட சொல்லாத மச்சான். டர்போ பழசு, தேஞ்சு போச்சுன்னு சொல்லிடு."

துணியைக் குப்பைத் தோம்பில் போட்டோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல் அக்காவிடம் அதையே சொன்னேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

வேறு எஞ்சின் போட வழியில்லை. அத்தான் சிங்கப்பூர் போய்விட்டார். லாரி என் பட்டறைக்குப் பின்னால் நிற்கிறது. லாலாங் புல் கதவு உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அதை நான் இனி ஓட வைக்கப்போவதில்லை. அது அக்காவுக்கும் தெரியும்.

இந்த வருஷம் பூஜைக்கு அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கா மட்டும் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குக்கா பூஜை?" என்று எரிந்து விழுந்தேன்.

"இத்தன வருஷம் சோறு போட்டுச்சுல்ல" என்று தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்தாள்.

நான் கழற்றிய ஃபில்டர் கழற்றியபடியே கிடந்ததால், எஞ்சினுக்குப் போகிற குழாய் வாய் திறந்து கிடந்தது. பழக்க தோஷம், அதை அடைக்கக் கந்தல் துணி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா என் பக்கம் திரும்பாமலே தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள்.

"துணி வேணாம்டா. போன வருஷம் நான் வச்சதே போதும்."

அந்தக் கந்தலையும் கொண்டுபோய்க் குப்பைத் தோம்பில் போட்டேன்.