ஏழாவது பாட்டில்

புதுச்சத்திரம் நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்தப் பத்துப் படுக்கை ஆஸ்பத்திரியில் தீர்ந்த டிரிப்ஸ் பாட்டிலை எறிய மாட்டார்கள். கட்டிலருகே கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் முதலில் அதைத்தான் எண்ணுவார்கள். அப்புறம்தான் படுத்திருப்பவர் முகம். நர்ஸ் அறிவுச்செல்விக்கு அந்த வழக்கத்தைக் கண்டாலே எரிச்சல்.

அன்று காலை, எருமப்பட்டிக் கோழிப்பண்ணைக்காரர் நாச்சிமுத்துவின் கம்பியில் ஆறு தொங்கின. ஆறும் உப்புநீர், நார்மல் சலைன். முந்தின நாள் வயிற்றுப்போக்கில் துவண்டு வந்தவருக்கு ரத்த அழுத்தம் தேறிவிட்டது. மூச்சு மட்டும் தேறவில்லை. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு முறை இரைத்தது.

"ஆறுதானுங்களா?" என்றாள் அவர் மனைவி காளியாத்தாள். "எங்க கொழுந்தனாருக்குப் பத்து ஏத்துனாங்க. இவருக்கு மட்டும் என்னங்க கஞ்சத்தனம்?"

டாக்டர் சபரிநாதன் ஏழாவதுக்கும் சலைனையே எழுதினார். அறிவுச்செல்வி பாட்டிலை எடுத்தாள். திரும்ப அலமாரியிலேயே வைத்தாள்.

"இதைய நான் போட மாட்டேனுங்க சார்."

பதினொரு வருஷத்துக்கு முன் வேறோர் ஊரில், இதே மாதிரி இரைத்த ஒருவருக்கு டாக்டர் சொன்னபடி சலைன் போட்டவள் அவள். மறுநாள் சிறுநீரகம் கெட்டுப்போன அவரைச் சேலத்துக்கு வண்டியேற்றினார்கள். அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படித்தாள், விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்து.

"சிஸ்டர் எப்ப எம்.டி. முடிச்சீங்க?" என்றார் சபரிநாதன்.

"மூச்சு எண்ணத் தெரியுமுங்க. உப்புத்தண்ணி இத்தனை போனா ரத்தம் புளிச்சுப்போகும். அந்தப் புளிப்பைத் தள்ளத்தான் இப்படி இரைக்கறாரு. இதுக்குப் பதிலா ரிங்கர் லாக்டேட் பாட்டில் எழுதுங்க."

டாக்டர் சிரித்தார். "அந்தப் பாட்டில்ல மட்டும் புளிப்பு இல்லையா? லேபிளைப் படிங்க."

"படிச்சேனுங்க. பாட்டில்ல இருக்கற புளிப்பு ரத்தத்துல கலந்ததும் ஒண்ணுமில்லாமப் போயிரும். சலைன்ல குளோரைடு சாஸ்தி, அதுதான் கெடுக்குது. ரிங்கர்ல அது கம்மி. அதுல இருக்கற லாக்டேட்டை ஈரல் புளிப்பை முறிக்கற காரமா மாத்திக்கும்."

"எழுதுனதைப் போடுங்க."

"நீங்களே போட்டுக்குங்க. இல்லீன்னா நாமக்கல் லேபுக்கு ரத்தத்தை அனுப்பிப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா இன்னைக்கே ஊட்டுக்குப் போயிடறேன்." பெயர்ப் பட்டையைக் கழற்றி, அவர் எழுதின தாளின் மேலேயே வைத்தாள்.

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. ரத்தத்தை அனுப்பாமல் அவரால் நகர முடியவில்லை.

இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தது. பிஹெச் ஏழு புள்ளி ஒன்று எட்டு; ஏழு புள்ளி மூன்று ஐந்துக்குக் கீழே போனாலே ரத்தம் புளித்துவிட்டது என்று அர்த்தம். குளோரைடு நூற்று இருபத்திரண்டு; நூற்றாறைத் தாண்டக் கூடாது. சபரிநாதன் தன் எழுத்தைத் தானே அடித்துவிட்டு 'ரிங்கர் லாக்டேட்' என்று எழுதினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டையை எடுத்தும் தரவில்லை. அவளே எடுத்துக் குத்திக்கொண்டாள்.

சாயங்காலம் மூச்சு இருபத்திரண்டுக்கு இறங்கியது. கட்டிலடியில் தொங்கிய சிறுநீர்ப் பையும் நிறையத் தொடங்கியது. நாச்சிமுத்து கண் திறந்து, பண்ணைக்குத் தீவனம் வந்ததா என்று கேட்டார்.

அறிவுச்செல்வி காலி பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"ஐயோ, அதைய எதுக்குங்க எடுக்கறீங்க?" காளியாத்தாள் பதறினாள். "எங்க நாத்தனார் வாராங்க. காட்டறதுக்கு என்ன இருக்குது?"

"பேசறாருல்ல," என்றாள் அறிவுச்செல்வி, ஆறாவதையும் எறிந்துவிட்டு. "அவரைக் காட்டுங்க."