குதிகாலுக்கு வந்த கிரீம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகளுக்கு நம்பர் கிடையாது. வரிசையாக இருக்கிற பன்னிரண்டு காம்பரா வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே முகம். கடுகண்ணாவை ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறும் கல்லுப் பாதையில் பார்சல்காரர்களின் மோட்டார் சைக்கிள் ஏறாது. ஏறி வந்தாலும் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. அதனால் லயத்துப் பெண்கள் டிவியிலோ போனிலோ பார்த்து எதை ஓடர் பண்ணினாலும் என் பெயரையும் என் போன் நம்பரையும் கொடுத்துவிடுவார்கள். விலாசம், சந்தி ஆட்டோ ஸ்டாண்ட். நான் அங்கேதான் காலை முதல் இருட்டும் வரை ஆட்டோவோடு கிடப்பேன். ஹயர் வருகிறதோ இல்லையோ பார்சல் வரும்.

முடி கொட்டாமல் இருக்க எண்ணெய், இடுப்பைக் குறைக்கும் பெல்ட், பெண்கள் உள்ளே போடும் சாமான், முகத்துக்கு, கழுத்துக்கு, முழங்கைக் கறுப்புக்கு என்று விதவிதமாகக் கிரீம். எல்லாவற்றின் மேலும் என் பெயர். பார்சல் கொண்டுவருகிறவர் கலகெதரப் பக்கத்துச் சிங்கள ஆள். தமிழ் கொஞ்சம் பேசுவார். ஒரு நாள் மனசு தாங்காமல் கேட்டே விட்டார்.

"அண்ணே, கோபம் வேணாம். இவ்வளவு கிரீம் பூசுறது. ஏன் இன்னும் இப்படியே இருக்கிறது?"

ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான்தான் ஆகச் சத்தமாகச் சிரித்தேன். "இது பூசின பிறகு உள்ள மூஞ்சி. பூசுறதுக்கு முந்தி பார்த்திருந்தா நீங்க பார்சலைப் போட்டுட்டு ஓடியிருப்பீங்க" என்றேன். என்னைப் பற்றிய பகிடியை அடுத்தவன் சொல்லுமுன் நானே சொல்லிவிடுவேன். சின்ன வயசிலிருந்து அப்படித்தான் பிழைத்து வருகிறேன். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரித்தான். பார்சலில் என் பெயரை அதன் நீளத்தை வைத்து அடையாளம் காண்பேன். இது ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. என் மனைவிக்கும் சரியாகத் தெரியாது.

மனைவி கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். கலியாணத்துக்கு முந்தி கொழுந்து பறித்தவள். கடையில் முன் கவுண்டரில் நிற்பாள். சேலையை மடிப்போடு எடுத்து ஒரு வீசு வீசினால் ஆறு கஜமும் மேசை நீளத்துக்கு விரிந்து விழும். வாங்க வராதவர்களும் நின்று பார்ப்பார்கள். நான் அவளைக் கூட்டிப்போக நேரத்தோடு போய் வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பெட்ஷீட் விரிக்கும்போது அப்படி வீசச் சொன்னால், "சம்பளம் யாரு தருவா?" என்பாள்.

இரண்டு கன்னத்திலும் அவளுக்குக் கறுப்பாக மங்கு விழுந்தது. முதலில் ஒரு ரூபாய்க் குத்திக் காசு அளவு. பிறகு பரந்து மூக்குக்கு மேலே ஏறி இரண்டு பக்கமும் கைகோத்துக்கொண்டது. நோவும் இல்லை, அரிப்பும் இல்லை. ஆனால் சேலை வாங்க வந்த ஒரு அம்மா, என் மனைவி காதில் விழும்படியே முதலாளியிடம், "இது தொத்துமா?" என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் முதலாளி இவளை மேல்மாடி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார். மூட்டை பிரிக்கிறது, மடிக்கிறது, லேபல் குத்துகிறது. "தீபாவளிக்குள்ள மொகம் சரியாயிட்டா கீழ வாம்மா. சீசனுக்கு ஒன்ன மாதிரி ஆள் வேணும்" என்றாராம்.

அன்றைக்கு ஆட்டோவில் ஏறியவள் பேராதனைப் பாலம் தாண்டும்வரை சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தாள். பிறகு, "மேல வெளிச்சமே இல்லங்க" என்றாள். அவ்வளவுதான்.

அதுவரை மற்றவர்களுக்காகப் பார்சல் வாங்கிக்கொண்டிருந்த நான், அன்றிலிருந்து வீட்டுக்கும் வாங்கத் தொடங்கினேன். டொக்டரிடம் தனியாகக் காட்ட எங்களிடம் வழி இல்லை. ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் வேலை போகும். டிவியில் கிரீம் விற்க வருகிற அம்மாவோ வீட்டுக்கே வந்து பேசுகிறாள். அவள் ஒரு பெண்ணின் பாதி முகத்தில் கிரீமைத் தடவி மற்றப் பாதியை விட்டுவைப்பாள். தடவின பாதி பளிச்சென்று இருக்கும். "இதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியாதுங்க, நீங்களே பாருங்க" என்பாள். நாங்களும் பார்த்தோம். முதல் செட்டில் மூன்று டப்பா வந்தது. முகம் எண்ணெய்ச் சட்டி மாதிரி மினுங்கியது. மங்கும் சேர்ந்து மினுங்கியது. அடுத்தது போனில் லைவ் போடுகிற ஒரு பெண்ணிடம் வாங்கிய சோப். மணம் நன்றாக இருந்தது.

"முதல்ல கையில கொஞ்சம் தடவிப் பாருங்க" என்று டிவி அம்மா சொல்வாள். என் மனைவி தடவிப் பார்த்தாள், என் கையில். என் தோல் அந்தக் காலத்துத் தார்ப்பாய். எதைத் தடவினாலும் ஒன்றும் ஆகாது. "பயமில்ல, பூசு" என்று தீர்ப்புச் சொல்வேன். கண்ணாடி பார்க்கிற நேரமெல்லாம் அவளுக்குக் களைப்பாக இருந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, கழுவ ஒன்று. வேலைக்குப் போய் வந்தவளுக்கு முகமும் ஒரு வேலையாகிவிட்டது.

தீபாவளிக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்போது, லைவ்காரியிடம் கடைசியாக ஒன்று ஓடர் பண்ணினோம். வெளிநாட்டுச் சாமான், மங்குக்கென்றே செய்தது, இரண்டு வாரத்தில் தெரியும் என்றாள். அதே லைவில் எங்கள் லயத்தில் மூன்று கதவு தள்ளி இருக்கிற கொழுந்துக்காரத் தங்கச்சி குதிகால் வெடிப்புக்கு ஒரு கிரீம் சொல்லியிருந்தாள். இரண்டும் ஒரே நாளில் வந்தன, கொட்டுகிற மழையில். பார்சல்காரர் சாம்பல் நிறப் பைகளை என் மடியில் போட்டுவிட்டு ஓடினார். இரண்டிலும் என் பெயர். பிரித்தேன். பெட்டி இல்லை. அனுப்புகூலியை மிச்சம் பிடிக்க இவர்கள் பெட்டியை எடுத்துவிட்டுக் குழாயை மட்டும் சுற்றி அனுப்புவார்கள். இரண்டு வெள்ளைக் குழாய், ஒரே அளவு. மேலே கட்டம் கட்டமாக ஏதோ நாட்டு எழுத்து. கீழே பொடிப் பொடியாக இங்கிலீஷ் எறும்பு.

ஸ்டாண்டிலிருந்து இருபது அடியில் மருந்து விற்கிற பாமசி இருக்கிறது. அங்கே இருக்கிற அம்மா நல்லவர். பக்கத்து ஆட்டோக்காரனுக்கும் வாசிக்கத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று தெரிந்துவிடும். அதனால் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். ஒன்றில் எலுமிச்சை போலத் தேசிக்காய் வாசம். மற்றதில் ஆஸ்பத்திரி வாசம். தேசிக்காய் அழுக்குப் போக்கும், ஆகவே அது காலுக்கு. ஆஸ்பத்திரி வாசம் என்றால் மருந்து, மங்குக்கு மருந்துதானே வேண்டும். இப்படி யோசித்து முடித்தபோது என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மனைவி குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுதானா? பார்த்துத்தானே எடுத்தீங்க?"

"வாசிச்சுப் பார்த்துத்தான் எடுத்தேன்" என்றேன்.

வழக்கம்போல முதலில் என் கையில் தடவினாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவள் பூசினாள். கொஞ்ச நேரத்தில், "ஏங்க, எரியுதுங்க" என்றாள்.

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு டிவி அம்மா சொன்னாளே."

"மொளகா அரைச்சு வச்ச மாதிரி இருக்கு."

"அப்ப இன்னும் நல்லா வேலை செய்யுது."

அவள் பொறுத்தாள். இரண்டாம் நாளும் பூசினாள், மூன்றாம் நாளும் பூசினாள். சீசன் வருகிறதே. நான்காம் நாள் காலை எழும்பியபோது கன்னம் சிவந்து வீங்கி, தோல் வெங்காயச் சருகு மாதிரி எழும்பி நின்றது. கடைக்கு லீவு சொன்னாள். நான் லைவ்காரிக்குப் போன் போட்டேன். எடுக்கவே இல்லை. அவளை வாயில் வந்தபடி திட்டினேன். கள்ள மருந்து விற்கிறாள் என்று ஸ்டாண்ட் முழுக்கச் சொன்னேன். அன்றைக்கு நான் பேசிய நியாயத்தை எலெக்ஷனில் பேசியிருந்தால் ஜெயித்திருப்பேன்.

அடுத்த நாள் விடிந்ததும் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொழுந்துக்காரத் தங்கச்சி கூடையோடு மலைக்குப் போகிறவள் நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. இதப் பாருங்க."

செருப்பைக் கழற்றிக் காலைத் திருப்பிக் காட்டினாள்.

"என்னா புள்ள, விடிஞ்சதும் விடியாததுமா காலைத் தூக்கிக் காட்டுற?"

"பகிடிய விடுங்க. நல்லாப் பாருங்கண்ணே! கல்லு மாதிரி இருந்துச்சு. இப்ப பாருங்க, பச்சப்புள்ள கன்னம் மாதிரி. அஞ்சு நாள்தான். வாசமும் தேசிக்கா வாசம். இன்னொன்னு சொல்லிவிடுங்க எனக்கு."

பார்த்தேன். வெடிப்பு மூடிக்கொண்டு குதிகால் இரண்டும் மழமழவென்று இருந்தன. அவள் சந்தோஷமாகக் கூடையை மாட்டிக்கொண்டு ஏறிப் போனாள். நான் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று பாமசி திறந்ததும் மனைவியின் குழாயோடு போனேன். "இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்கம்மா. எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றேன். அந்த இருபது அடியை நடக்க எனக்கு ஐந்து நாள் எடுத்திருக்கிறது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பாத வெடிப்புக்கு. தடிச்ச தோலை உரிக்கிறது. மொகத்துல பூசக் கூடாதுன்னே போட்டிருக்கு. யாரு பூசுனது?"

"நான்தான்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். குழாயைத் திருப்பித் தந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் இதை எப்படிப் பகிடியாகச் சொல்லலாம் என்று யோசித்தேன். நன்றாகவே இரண்டு மூன்று வந்தது. மனைவி பின்பக்கப் படியில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். முகத்தைச் சுற்றி ஈரத்துணி. அதைப் பார்த்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அப்படியே சொன்னேன்.

கை அரிசிக்குள்ளேயே நின்றது. "வாசிச்சுப் பார்த்தேன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"வாசிச்சீங்களா?"

"இல்ல. வாசம் பார்த்தேன்."

"வாசமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தோல் இழுத்து வலித்ததில் பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு அரிசித் தண்ணியைக் கொட்டினாள். "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் கடையில யாருக்கிட்டயாவது காட்டியிருப்பேன்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அன்று பின்னேரம் மூன்று கதவு தாண்டிப் போய் அந்தத் தங்கச்சியின் குதிகாலைக் குனிந்து பார்த்து, விரலால் தொட்டும் பார்த்துவிட்டு வந்தாள். "நல்ல கிரீம்தான்" என்றாள். அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கவில்லை.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்தோம். பகல் சாப்பாட்டு நேரம்தான் உள்ளே கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்து டொக்டர் பிள்ளை, சின்ன வயசு. "ஒண்டும் பூசாதேங்கோ அம்மா. நான் தாற மருந்தை மட்டும் பூசுங்கோ. வெயிலுக்குக் குடை பிடியுங்கோ. நீங்கள் கடையிலயா வேலை?" என்றார்.

"இது மாறிருமா டொக்டர்? தீபாவளிக்கு?"

"காயம் மாறும். மங்கு குறையும். முழுக்கப் போகும் எண்டு நான் சொல்ல மாட்டன். காலம் எடுக்கும்."

இத்தனை நாளில் எங்களிடம் காலம் எடுக்கும் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

காயம் ஆற ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஆறின இடம் முந்தியதைவிடக் கறுத்திருந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவளை நானே ஆட்டோவில் கடைக்குக் கூட்டிப் போனேன். உள்ளே சனம் நெருக்கியடித்தது. முதலாளி அவளைப் பார்த்து, "என்னம்மா, இன்னும் மோசமாக்கிட்டு வந்திருக்க" என்றார். மேல்மாடியைக் கையால் காட்டினார்.

நான் வாசலில் நின்றேன். இவள்தான் பேசினாள்.

"மேல ஏற ஏலாதுங்க முதலாளி. களைச்சுப் போயிட்டேன். கீழ எங்கயாவது நிக்கிறேன். இந்த மொகம் வேணாம்னா இப்பவே சொல்லுங்க, இவரு ஆட்டோவோடதான் நிக்கிறாரு, போயிர்றேன்."

முதலாளி கவுண்டரைப் பார்த்தார். அங்கே இரண்டு புதுப் பிள்ளைகள் விரித்த சேலையை மடிக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். அவர் கை மேல்மாடியிலிருந்து இறங்கி, கடையின் கோடியில் உள்பாவாடையும் லைனிங் துணியும் விற்கிற மூலையைக் காட்டியது. அங்கே ஒரு டியூப் லைட், அதுவும் சிமிட்டுகிறது. இவள் பையை வைத்துவிட்டு அங்கே போய் நின்றாள். சேலையை வீசுகிற இடம் அதில்லை. ஆனால் கீழ்மாடி.

அன்று இரவு சாப்பிட்ட பிறகு நான் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தேன். அவள் அலுமாரியிலிருந்து அந்த ஆஸ்பத்திரி வாசக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"காலை நீட்டுங்க."

"எதுக்கு?"

"காசு குடுத்து வாங்கினது. போட வேண்டிய எடத்துல போடுவோம்."

என் குதிகால் இரண்டும் பாறை. பதினைந்து வருஷமாக பிரேக் மிதித்த கால். அவள் பிதுக்கி இரண்டு காலிலும் தேய்த்தாள், கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு. நான் மேலே தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"எரியுதா?" என்றாள்.

"இல்ல."

"ஒங்களுக்கு எங்க எரியப் போகுது" என்றாள். மற்றக் காலை இழுத்து வைத்துக்கொண்டாள்.