கடைக்கு வா, தாறன்

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த வீட்டைப் பூட்டியதும் புஷ்பவதி கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். பிறகு கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பனியில் வழுக்கும் வெளிப்படியில் நின்றுகொண்டு, ஒரு வாடகை வீட்டுக் கதவுக்கு இவ்வளவு மரியாதையா என்று மகள் நிலக்ஷி சின்ன வயதில் வெட்கப்பட்டிருக்கிறாள். அது வீடு பூட்டும் பழக்கமல்ல, கடை பூட்டும் பழக்கம் என்பது வளர்ந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் புஷ்பவதிக்குச் சொந்தமாக ஒரு தையற்கடை இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுக் குண்டுவீச்சில் அந்த வரிசையே இடிந்துபோனது. அன்று அவள் கையோடு தூக்கிக்கொண்டு ஓடியது, திரேசம்மா என்ற வாடிக்கைக்காரி சட்டை தைக்கக் கொடுத்திருந்த நீலப் பட்டுத் துணியைத்தான். மொன்றியலில் பகலெல்லாம் தொழிற்சாலையில் யார் யாருக்கோ காற்சட்டைப் பை தைத்தவள், அந்தச் சட்டையை வீட்டில் வைத்துத் தைத்து முடித்தாள். கொடுக்கத்தான் இல்லை. இத்தனைக்கும் திரேசம்மா ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில்தான் இருந்தாள். கல்யாண வீடுகளில் கண்டால் விடமாட்டாள்.

"என்ர சட்டை எங்கயடி, கள்ளி?"

"கடைக்கு வா, தாறன்."

"கடை எங்க கிடக்கு?"

"நிலம் கிடக்குத்தானே."

அந்த நிலத்தைத்தான் விற்கச் சொன்னான், பிராங்க்ஃபர்ட்டில் இருந்த தம்பி பேரின்பநாதன். 2006 கோடையில் தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு அக்காவையும் நிலக்ஷியையும் அழைத்தவன், விற்கும் உரிமையைத் தனக்கு எழுதிக்கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தையும் ஆயத்தமாக வைத்திருந்தான். கையெழுத்துக்கு முன்னால் அக்காவின் மனத்தை இளக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் பழைய சதுக்கத்துக்குக் கூட்டிப்போனான். கூரான கூரைகளும் மரச்சட்டம் பதித்த சுவர்களுமாக வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன.

"பார் அக்கா. உலகப் போரில இவ்வளவும் எரிஞ்சு சாம்பல். அவங்கள் அழுதுகொண்டு இருந்தவங்களே? பழசை மறந்து முன்னேறினவங்கள்."

நிலக்ஷிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரி, அதிலும் வரலாறு. "இது பழசில்லை அம்மா. எண்பதுகளில திரும்பக் கட்டினது. எங்கட பேராசிரியர் இப்பிடியானதை நாடக மேடை எண்டு சொல்லுவார்."

"அப்ப உன்ர வயசுதான்." புஷ்பவதி ஒரு வீட்டை ஏற இறங்கப் பார்த்தாள். "எரிஞ்சு எவ்வளவு காலத்துக்குப் பிறகு கட்டினவங்கள்?"

"நாப்பது வருஷம் இருக்கும்."

புஷ்பவதி நேரே போய், பூட்டியிருந்த ஒரு கடைக் கதவின் கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். வெளியே மேசை போட்டுப் பியர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மறந்தவன் ஏன்டா அதே மாதிரிக் கட்டினவன்?" என்றாள் தம்பியிடம். "நாப்பது வருஷம் விட்டுக் கட்டியிருக்கிறான். என்ர கடை இடிஞ்சு பதினாறுதானே ஆகுது. என்னை அவசரப்படுத்தாத."

"அங்க திரும்பவும் சண்டை துவங்கீட்டுது அக்கா. இப்ப விக்காட்டி, பேந்து ஒருத்தனும் வாங்கமாட்டான்."

"நல்லதாப் போச்சு. ஒருத்தனும் வாங்காட்டி அது என்ரதானே."

பத்திரம் பேரின்பநாதனின் பையிலேயே கிடந்தது. பேராசிரியர் சொன்னது பிழை என்று நிலக்ஷியால் இப்போதும் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய வீடு எரிந்ததில்லை. அவர் சொல்லை, வீடு எரிந்தவளின் மகளான தான் ஏன் இவ்வளவு சுலபமாக இரவல் வாங்கினோம் என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள்.

2009 பனிக்காலத்தில் புஷ்பவதி காலமானாள். நிலம் அவள் பெயரிலேயே கிடக்கிறது. செத்தவீட்டில் நிலக்ஷி நீலச் சட்டையைத் திரேசம்மாவிடம் நீட்டினாள். அது இனி அவளுடைய தோளுக்கு ஏறாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. திரேசம்மா கைமடிப்புத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இஞ்ச வைச்சுத் தராத, பிள்ளை. கொம்மா என்னைக் கடைக்கெல்லோ வரச் சொன்னவள். திற, வாறன்."

சட்டை இன்னும் கொடுபடவில்லை.